மாசுபட்ட அரசு வளாகத்தைச் செயல் அலகுகளாகப் பிரிக்கும் முறை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றின் கரையில் அமைந்துள்ள ஹான்ஃபோர்டு அணு வளாகம் ஏறத்தாழ 580 சதுர மைல் பரப்புடையது. ஆற்றோரத்தில் புளூட்டோனியம் உற்பத்தி செய்த ஒன்பது அணு உலைகள், நடுமேட்டில் எரிபொருளை அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்த ஆலைகள், தென்பகுதியில் யுரேனிய எரிபொருளைத் தயாரித்த கட்டடங்கள், அவற்றுக்கும் தெற்கே வாகனப் பராமரிப்புக் கொட்டகைகள் என்று வெவ்வேறு தன்மையுள்ள பணிகள் அங்கே பல பத்தாண்டுகள் நடந்தன. ஒவ்வொன்றும் விட்டுச்சென்ற மாசு வேறு. அது மண்ணில் இறங்கிய ஆழம் வேறு. அதனால் பாதிக்கப்படக்கூடிய உயிர்களும் வேறு. இத்தகைய இடத்துக்கு ஒரே ஆய்வு, ஒரே தீர்வு, ஒரே கால அட்டவணை என்று திட்டமிட்டால், கடைசிக் குழியின் மண்மாதிரிக்கு ஆய்வுக்கூட முடிவு வந்து சேரும்வரை முதல் குழியில் மண்வெட்டி விழாது. ஆகவேதான் இவ்வகை வளாகங்களைச் செயல் அலகுகளாக, அங்குள்ளோர் சொல்வதுபோல் ஆபரபிள் யூனிட்டுகளாக, பிரித்துத் தூய்மைப்படுத்துகிறார்கள். அந்தப் பிரிப்பை எப்படிச் செய்வது, எங்கே அது தடம் புரளும் என்பதை இவ்வழிகாட்டி விளக்குகிறது.

முதலில் சட்டம். 1980-இல் இயற்றப்பட்டு, பொதுவழக்கில் சூப்பர்ஃபண்ட் என்று அழைக்கப்படும், மாசுபட்ட இடங்களைத் தூய்மைப்படுத்துவதற்கான செர்க்லா சட்டமே இப்பணியின் அடித்தளம். 1986-ஆம் ஆண்டின் திருத்தம் அதில் 120-ஆம் பிரிவைச் சேர்த்து, கூட்டாட்சி அரசின் துறைகளும் தனியாரைப் போலவே அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று தெளிவாக்கியது. இச்சட்டத்தைச் செயல்படுத்தும் விதித்தொகுப்பு, செயல் அலகை இவ்வாறு வரையறுக்கிறது: முழு வளாகத்தின் சிக்கலையும் தீர்க்கும் திசையில் எடுத்துவைக்கப்படும், தனித்து நிற்கக்கூடிய ஒரு படி. அது வளாகத்தின் ஒரு நிலப்பகுதியாக இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட சிக்கலாக இருக்கலாம். ஒரு நடவடிக்கையின் முதல் கட்டமாக இருக்கலாம். வெவ்வேறு இடங்களில் ஒரே காலத்தில் நடக்கும் பணிகளின் தொகுப்பாகவும் இருக்கலாம். இந்த வரையறையில் நிலம் ஒரு வகை மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். வரைபடத்தை விரித்துச் சாலைகளையும் வேலிகளையும் பார்த்துக் கட்டம் போடத் தொடங்குபவர் இதைத்தான் தவறவிடுகிறார். அலகு என்பது எடுக்கப்பட வேண்டிய ஒரு முடிவைச் சுற்றி அமைவது. கோடு அந்த முடிவிலிருந்து பிறக்க வேண்டும்.

எப்போது பிரிக்கலாம் என்பதற்கும் அதே விதிகள் மூன்று காரணங்களைத் தருகின்றன. ஆபத்தைக் கணிசமாகவும் விரைவாகவும் குறைக்க முன்கூட்டிய நடவடிக்கை தேவைப்படும்போது பிரிக்கலாம். இடத்தின் பரப்போ சிக்கலோ ஆய்வைக் கட்டம் கட்டமாகச் செய்ய வேண்டிய நிலையை உண்டாக்கும்போது பிரிக்கலாம். முழு வளாகத்தின் தூய்மைப் பணியும் அதனால் விரைவில் முடியும் என்றால் பிரிக்கலாம். நீங்கள் முன்மொழியும் ஒவ்வோர் அலகுக்கும் இம்மூன்றில் எது பொருந்துகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் அந்த அலகு தேவையில்லை.

பட்டியல் முதலில், கோடு பிறகு

பிரிப்பதற்கு முன் எதைப் பிரிக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். கழிவுக் குழிகள், கசிவுத் தொட்டிகள், எரிப்பு மேடைகள், நிலத்தடிக் குழாய்கள், வெடிபொருள் சோதனைத் திடல்கள், தீயணைப்புப் பயிற்சி மைதானங்கள் என்று கழிவு சேர்ந்திருக்கக்கூடிய எல்லா இடங்களையும் தனித்தனி எண்ணுடன் ஒரே பதிவேட்டில் கொண்டுவருவது முதல் வேலை. பழைய கட்டுமான வரைபடங்கள், கொள்முதல் பதிவுகள், வெவ்வேறு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட வான்வழிப் படங்கள் ஆகியவை இதற்கு உதவும். ஓய்வுபெற்ற தொழிலாளர்களிடம் பேசுவதைப் பலர் சடங்காகக் கருதுகிறார்கள். ஆனால் எந்தத் தாளிலும் ஏறாத குழிகள் பல அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. அந்த நினைவு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போவதால் இவ்வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு செய்திகளைப் பதிவு செய்யுங்கள்: மாசின் பிறப்பிடம், அது வெளியேறிய விதம், அது செல்லும் வழி, சென்று சேரும் உயிர். இந்த நான்கையும் இணைத்து வளாகம் முழுவதற்கும் ஒரு கருத்துரு மாதிரி வரையப்படுகிறது. ஒரே மாசு, ஒரே வழி, ஒரே இலக்கு என்று அமையும் இடங்கள் தாமாகவே அருகருகே வந்து நிற்கும். அந்தக் கூட்டங்களே அலகுகளின் முதல் வரைவு. சில இடங்கள் எந்தக் கூட்டத்திலும் சேராமல் நிற்கும். அவற்றில் மேல்நடவடிக்கை வேண்டாதவற்றை ஆதாரத்துடன் அப்போதே தள்ளிவிடலாம். எஞ்சியவற்றுக்கு ஒரு பொது அலகு வைத்துக்கொள்ளலாம். ஐடஹோ தேசிய ஆய்வக வளாகத்தில் நிலமும் வசதிகளும் பத்துக் கழிவுப் பகுதித் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டபோது, பத்தாவது தொகுதி இப்படித்தான், பிறவற்றில் அடங்காத இடங்களையும் வளாகத்துக்கு அடியில் ஓடும் ஸ்னேக் ஆற்றுச் சமவெளியின் நிலத்தடி நீர்த்தேக்கத்தையும் ஏற்றுக்கொண்டது.

எதை அடிப்படையாகக் கொண்டு வெட்டுவது

நிலப்பரப்பைக் கொண்டு வெட்டுவது எளிது. சில இடங்களுக்கு அதுவே போதும். கொலராடோவில் டென்வர் நகரத்தை ஒட்டிய ராக்கி மவுண்டன் ஆர்சனல் என்ற இராணுவ இரசாயன ஆயுத வளாகத்தில், வேலிக்கு உள்ளே ஓர் அலகு, வேலிக்கு வெளியே ஓர் அலகு என்று இரண்டே இருந்தன. வெளியே குடியிருப்போரின் நிலத்தடி நீர்தான் கேள்வி. உள்ளே மண், கட்டடங்கள், கழிவுக் குட்டைகள் என எல்லாமே கேள்வி. வெளியலகுக்கான முடிவு 1995-இலும் உள்ளலகுக்கான முடிவு 1996-இலும் கையெழுத்தாயின. அங்கே வேலி ஒரு நல்ல எல்லையாக அமைந்ததற்குக் காரணம், அது வேலி என்பதல்ல; அதன் இரு பக்கமும் பாதிக்கப்படக்கூடியவர்கள் வேறு வேறாக இருந்தார்கள் என்பதே.

நீர் ஓடும் வழியைக் கொண்டு வெட்டுவதும் நிலப்பரப்புப் பிரிப்பின் ஒரு வகைதான், ஆனால் அறிவார்ந்த வகை. டென்னசியின் ஓக் ரிட்ஜ் வளாகம் மலைமுகடுகளும் பள்ளத்தாக்குகளும் மாறி மாறி அமைந்த நிலம். அங்கே சிதறிக் கிடந்த கழிவிடங்களை ஒவ்வொன்றாகத் துரத்துவதை விட்டு, பெத்தல் பள்ளத்தாக்கு, மெல்ட்டன் பள்ளத்தாக்கு, பேர் கிரீக் பள்ளத்தாக்கு என்று நீர்ப்பிடிப்புப் பகுதிவாரியாக முடிவெடுக்கும் முறைக்கு மாறினார்கள். ஒரே ஓடையில் சென்று கலக்கும் கழிவுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தக் குழியை முதலில் மூடினால் ஓடை தெளியும் என்பது புலப்படும்.

சிக்கலின் தன்மையைக் கொண்டு வெட்டுவதற்கு ஒஹாயோவின் ஃபெர்னால்டு யுரேனிய ஆலையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1,050 ஏக்கர் பரப்புள்ள அந்த வளாகம் ஐந்து அலகுகளாகப் பிரிக்கப்பட்டது. கழிவுக் குழிகள் முதல் அலகு. சாம்பல் மேடுகள், சுண்ணாம்புச் சேற்றுக் குட்டைகள் போன்ற பிற கழிவிடங்கள் இரண்டாவது. உற்பத்திக் கட்டடங்கள் மூன்றாவது. நான்கு கான்கிரீட் குதிர்கள் நான்காவது. மண், நிலத்தடி நீர் உள்ளிட்ட சுற்றுச்சூழல் ஊடகங்கள் அனைத்தும் ஐந்தாவது. நான்காவது அலகைத் தனியே நிறுத்தியதன் அருமை பின்னால் தெரிந்தது. முதல் இரண்டு குதிர்களில் ரேடியம் செறிந்த, ரேடான் வாயுவை வெளியிடும் எச்சங்கள் இருந்தன. அவற்றைக் கண்ணாடியாக உருக்கி உறையவைப்பது என்று 1994-இல் முடிவாயிற்று. 1996-இல் சோதனை உருக்கி பழுதடைந்து அத்திட்டம் கைவிடப்பட்டது. முடிவைத் திருத்தி, சிமெண்டுடன் கலந்து திடமாக்கும் முறைக்கு மாறினார்கள். அந்த ஆண்டுகளில் கழிவுக் குழிகளின் மண் தொடர்வண்டியில் ஏறி யூட்டாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. உற்பத்திக் கட்டடங்கள் இடிந்துகொண்டிருந்தன. நிலத்தடி நீர் இறைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. குதிர்களும் குழிகளும் ஒரே அலகில் இருந்திருந்தால், ஓர் உருக்கியின் பழுது முழு வளாகத்தையும் நிறுத்தியிருக்கும். தொழில்நுட்ப நிச்சயமின்மை மிகுந்த கழிவைத் தனி அலகாக ஒதுக்குங்கள் என்பது இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விதி.

வெடிக்காத குண்டுகளும் பீரங்கிக் குண்டுகளும் கிடக்கும் பயிற்சித் திடல்களுக்கும் இதே விதி பொருந்தும். அங்கே மண்மாதிரி எடுப்பதற்கு முன்பே வெடிபொருள் பாதுகாப்பு அனுமதி வேண்டும்; பணியாளர், கருவி, பாதுகாப்புத் தூரம் எல்லாமே வேறு. அவற்றை எண்ணெய்க் கசிவுத் தொட்டிகளோடு ஒரே அலகில் கட்டினால் இரண்டும் தாமதமாகும்.

மண்ணும் நிலத்தடி நீரும்

பிரிப்புப் பணியில் மிக அதிகமாக யோசிக்க வேண்டிய இடம் இதுதான். மாசின் பிறப்பிடமான மண்ணை ஓர் அலகாகவும், அதற்குக் கீழே பரவிய நிலத்தடி நீரை வேறோர் அலகாகவும் வைப்பது பெரிய வளாகங்களில் பரவலான வழக்கம். காரணம் நேரடியானது. பத்துக் குழிகளிலிருந்து இறங்கிய மாசு, நீர்மட்டத்தை அடைந்ததும் ஒரே திரளாகக் கலந்து நகர்கிறது. எந்தத் துளி எந்தக் குழியினுடையது என்று பிரிக்க முடியாது. ஹான்ஃபோர்டில் ஒவ்வோர் உலைப் பகுதியிலும் மண்ணுக்கான அலகுகளும் நீருக்கான அலகும் தனித்தனியே எண்ணிடப்பட்டன. 100-கேஆர்-1, 100-கேஆர்-2 ஆகியவை மண்ணுக்கு, 100-கேஆர்-4 அவற்றின் அடியிலுள்ள நீருக்கு.

இதனால் கிடைத்த பயன் பெரிது. ஆற்றோர உலைகளின் குளிர்விப்பு நீரில் துருவைத் தடுக்கச் சோடியம் டைகுரோமேட் சேர்க்கப்பட்டது. சிந்தியதும் கசிந்ததும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் என்ற நச்சு வடிவில் நிலத்தடி நீரில் கலந்து, சால்மன் மீன்கள் முட்டையிடும் ஆற்றை நோக்கி நகர்ந்தது. மேலே மண்ணில் எங்கெங்கே குரோமியம் இருக்கிறது என்ற ஆய்வு முடியும்வரை காத்திருக்காமல், 1996-இல் ஓர் இடைக்கால முடிவின்கீழ் நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் பணிக்கு வழிசெய்தார்கள். நீருக்குத் தனி அலகு இருந்ததால்தான் அது இயன்றது.

ஆனால் இந்தப் பிரிவுக்கு ஒரு விலை உண்டு. மேலே பிறப்பிடம் இருக்கும்வரை கீழே இறைப்பது ஓயாது. டி உலைப் பகுதியில் குரோமியம் தோய்ந்த மண்ணைத் தேடிச் சென்றபோது சில இடங்களில் நீர்மட்டம் வரைக்குமே தோண்ட வேண்டியிருந்தது. மண் அலகின் குழு தன் துப்புரவு இலக்கை, மனிதர் தொடும் மேல்மண்ணை மட்டும் மனத்தில் வைத்து வகுத்துவிட்டுப் போனால், நீர் அலகின் குழு அந்த மீதியை என்றென்றும் இறைத்துக்கொண்டிருக்கும். எனவே மண் அலகுக்குத் தேர்ந்த தீர்வைப் பதிவு செய்யும் முடிவு ஆவணத்திலேயே, அந்த மண்ணிலிருந்து நீருக்கு இறங்கும் மாசு எந்த அளவைத் தாண்டக் கூடாது என்ற இலக்கும் எழுதப்பட வேண்டும். அந்த எண்ணை இரு குழுக்களும் சேர்ந்தே கணக்கிட வேண்டும்.

இன்னொரு சிக்கல், தோண்டி எடுக்க எட்டாத, அதே நேரம் நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கும் ஆழ்மண். ஹான்ஃபோர்டின் நடுமேட்டில் நிலத்தடி நீர் பல நூறு அடி கீழே இருக்கிறது. இடையிலுள்ள ஈரமற்ற அடுக்கில் தங்கிய டெக்னீஷியம், யுரேனியம் போன்றவை மண் அலகுக்கும் சொந்தமாகாமல் நீர் அலகுக்கும் சொந்தமாகாமல் நின்றன. பின்னர் 200-டிவி-1 என்று ஆழ்மண்ணுக்கென்றே ஓர் அலகு உருவாக்கப்பட்டது. உங்கள் வளாகத்தில் நீர்மட்டம் ஆழமாக இருந்தால், மண் அலகின் அடி எல்லை எது, நீர் அலகின் மேல் எல்லை எது என்பதை முதல் நாளிலேயே எழுத்தில் பதியுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி விட்டாலும் அங்கே கிடக்கும் மாசுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நீர்மட்டம் சில அடிகளிலேயே இருக்கும் கடற்கரைத் தளங்களில் நிலைமை நேர்மாறு. அங்கே மண்ணையும் நீரையும் பிரிப்பதில் பெரும்பாலும் பயனில்லை, ஒரே அலகாக வைத்துவிடலாம்.

எத்தனை அலகுகள்

குறைவாக இருப்பதே நல்லது. ஒவ்வோர் அலகும் தனக்கென ஒரு பணித்திட்டம், கள ஆய்வு அறிக்கை, தீர்வுகளை ஒப்பிடும் சாத்திய ஆய்வு, முன்மொழிவு, குறைந்தது 30 நாள் பொதுமக்கள் கருத்துக் காலம், முடிவு ஆவணம், வடிவமைப்பு என்று ஒரு தாள்மலையைக் கேட்கும். டென்வருக்கு அருகே அணுகுண்டுகளுக்கான புளூட்டோனியப் பாகங்களைச் செய்த ராக்கி ஃபிளாட்ஸ் ஆலையில் 1991-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 16 அலகுகள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் போக்கில் ஆய்வு செய்துகொண்டிருக்க, தோண்டும் பணி நகரவில்லை. 1996-இல் ஒப்பந்தம் புதிதாக எழுதப்பட்டபோது அவற்றில் பெரும்பாலானவற்றை ஆலைப் பகுதி, அதைச் சூழ்ந்த இடைநிலம் என்று சுருக்கினார்கள்; 2005-இல் களப்பணி முடிந்தது. இந்த வேகத்துக்குப் பிரிப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஒப்பந்ததாரருக்கான ஊக்கத்தொகை முறையும் நிதி உறுதியும் அதில் பங்குபெற்றன. எனினும் பதினாறு ஆவண வரிசைகளோடு அது நடந்திருக்காது.

அதிகமான பிரிவினால் இன்னொரு தீங்கும் உண்டு. அது கணக்கில் ஒளிந்திருப்பது. வாழ்நாளில் கூடுதல் புற்றுநோய் அபாயம் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் இடையே இருந்தால் அது ஏற்கத்தக்க வரம்பு என்று விதிகள் கருதுகின்றன. ஒரு வளாகத்தை இருபது துண்டுகளாக்கி ஒவ்வொரு துண்டையும் தனித்து மதிப்பிட்டால், எல்லாத் துண்டுகளும் வரம்புக்குள் நிற்கக்கூடும். ஆனால் அங்கே நடமாடும் காவலரோ, மேயும் மானோ, ஓடையில் மீன்பிடிப்பவரோ ஒரு துண்டில் மட்டும் நிற்பதில்லை. ஆகவே மனிதர் அல்லது விலங்கின் நடமாட்டப் பரப்பைக் கொண்டு வகுக்கப்படும் வெளிப்பாட்டு அலகும், முடிவெடுப்பதற்காக வகுக்கப்படும் செயல் அலகும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, கூட்டு அபாயத்தையும் சூழலியல் அபாயத்தையும் முழு வளாகத்துக்கும் சேர்த்துப் பார்க்கும் இறுதி அலகு ஒன்றைத் தொடக்கத்திலேயே பட்டியலில் வைத்துவிட வேண்டும். தெற்குக் கரோலினாவின் சவன்னா ஆற்று வளாகத்தில் ஓடைகளையும் அவற்றின் வெள்ளச் சமவெளிகளையும் ஒருங்கிணைக்கும் அலகுகள் என்று தனியே வைத்திருப்பது இந்நோக்கத்துக்காகவே.

கழிவு எல்லை தாண்டும்போது

அலகுக் கோட்டைப் போடுபவர் அதைத் தாண்டிச் செல்லப்போகும் லாரிகளையும் நினைக்க வேண்டும். அபாயக் கழிவுகளை ஆளும் ரிக்ரா சட்டத்தின்கீழ், சில கழிவுகளை முன்சுத்திகரிப்பு இல்லாமல் நிலத்தில் இடக் கூடாது. தொடர்ச்சியாக மாசு பரவிய ஒரு பரப்புக்குள்ளேயே மண்ணைத் திரட்டிக் குவித்தால் அது புதிதாக நிலத்தில் இடுவதாகாது; அந்தப் பரப்பிலிருந்து வெளியே எடுத்து வேறிடத்தில் இட்டால் ஆகும். இந்த மாசுப் பரப்பின் எல்லை வேறு, செயல் அலகின் எல்லை வேறு. எனினும் ஒரே மாசுப் பரப்பின் நடுவே இரண்டு அலகுகளைக் கிழித்துப் போட்டால், எளிதாகத் திரட்டியிருக்கக்கூடிய மண்ணுக்காகச் சட்ட ஆலோசகர்கள் மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டிவரும்.

கழிவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வியை அலகுவாரியாகத் தீர்க்க முயலக் கூடாது. ஹான்ஃபோர்டில் 1996 முதல் ஒரே பெரிய புதைகளம் பல அலகுகளின் கழிவையும் ஏற்றுவருகிறது. ஃபெர்னால்டிலும் வளாகத்துக்குள்ளேயே ஒரு புதைகளம் அமைத்து, எந்தச் செறிவுவரை யுரேனியம் உள்ள மண்ணை அதில் ஏற்கலாம் என்று பொது அளவுகோல் வகுத்தார்கள். அதற்கு மேற்பட்டது வெளியே சென்றது. இத்தகைய பொது வசதிக்கான முடிவு, கழிவைத் தோண்டும் அலகுகளின் முடிவுகளுக்கு முன்பே வந்துவிட வேண்டும். இல்லையேல் தோண்டிய மண் தார்ப்பாய்க்கு அடியில் காத்துக் கிடக்கும்.

வரிசையும் காலக்கெடுவும்

எந்த அலகு முதலில் என்பதை மூன்று கேள்விகள் தீர்மானிக்கும். இன்றே யாராவது மாசுபட்ட நீரைக் குடிக்கிறார்களா, மாசுபட்ட மண்ணைத் தொடுகிறார்களா? மாசு நகர்ந்துகொண்டிருக்கிறதா? ஒன்றைச் செய்தால்தான் மற்றொன்றைச் செய்ய முடியும் என்ற பிணைப்பு உண்டா? முதல் கேள்விக்கு ஆம் என்றால் அலகு, ஆய்வு என்று எதற்கும் காத்திருக்க வேண்டாம். அகற்றல் நடவடிக்கை என்ற விரைவு வழி சட்டத்தில் தனியே இருக்கிறது, மாற்றுக் குடிநீர் வழங்குவதும் கசியும் பீப்பாய்களை அள்ளுவதும் அதில் அடங்கும். இரண்டாவதற்கு இடைக்காலத் தீர்வு பொருந்தும். ஆனால் இடைக்கால நடவடிக்கை இறுதித் தீர்வுக்கு முரணாகவோ அதைத் தடுப்பதாகவோ இருக்கக் கூடாது என்று விதிகள் கட்டளையிடுகின்றன. பின்னாளில் தோண்ட வேண்டியிருக்கும் குழியின்மேல் விலையுயர்ந்த மூடாக்கு போடுவது இவ்விதியை மீறுவதற்கு மிகப் பொதுவான வழி.

காலக்கெடுவில் அரசு வளாகங்களுக்கென்று தனிக் கண்டிப்பு உண்டு. நாட்டில் மிக மோசமாக மாசுபட்ட இடங்களைக் குறிக்கும் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் ஆய்வு தொடங்க வேண்டும். ஆய்வு முடிந்த 15 மாதத்துக்குள் களத்தில் தொடர்ச்சியான தீர்வுப் பணி தொடங்க வேண்டும். நடைமுறையில் இரண்டாவது கெடு ஒவ்வோர் அலகின் முடிவுக்கும் தனித்தனியே ஓடுகிறது. ஐந்து அலகுகளின் முடிவுகளை ஒரே ஆண்டில் கையெழுத்திட்டால் ஐந்து களப்பணிகளும் ஒரே நிதியாண்டில் வந்து நிற்கும். பணமோ சூப்பர்ஃபண்டு நிதியிலிருந்து வராது. அந்தத் துறைக்கு ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஒதுக்கும் தொகையிலிருந்தே வர வேண்டும். எனவே முடிவு ஆவணங்களை இடைவெளி விட்டு அமைப்பது பொறியியல் போலவே நிதி மேலாண்மையும் ஆகும்.

யார் மேற்பார்வையிடுவது என்பதையும் அலகுவாரியாகப் பிரித்துக்கொள்ளலாம். 1989 மே மாதத்தில் எரிசக்தித் துறை, கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாஷிங்டன் மாநிலச் சூழலியல் துறை ஆகிய மூன்றும் செய்துகொண்ட ஹான்ஃபோர்டு ஒப்பந்தம், ஒவ்வோர் அலகுக்கும் ஒரே ஒரு முதன்மை ஒழுங்குமுறை அமைப்பைக் குறிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியது. ஒரே வரைவு அறிக்கைக்கு இரு அமைப்புகளும் முரண்பட்ட குறிப்புகள் அனுப்பும் தொல்லை இதனால் பெருமளவு குறைகிறது.

பெயர், எண், வரைபடம்

எண்ணிடுவது சிறு வேலையாகத் தோன்றும்; முப்பது ஆண்டு கழித்து ஆவணம் தேடுபவருக்கு அதுவே பெரிது. ஒருமுறை கொடுத்த எண்ணை அலகு கலைக்கப்பட்டாலும் வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு அலகுகளை இணைத்தால் இரு எண்களும் தெரியும்படி வையுங்கள். ஐடஹோவில் ஏழாவது தொகுதியின் பதின்மூன்றாம், பதினான்காம் அலகுகள் இணைந்தபோது 7-13/14 என்ற பெயரே நின்றது, பழைய அறிக்கையிலிருந்து புதிய அறிக்கைக்குச் செல்லும் வழி அழியவில்லை.

மண் அலகுக்கு அளவெடுத்த எல்லைப் புள்ளிகளைக் கொடுக்கலாம். நிலத்தடி நீர் அலகுக்கு அப்படிச் செய்வது பிழை. மாசுத் திரள் நகரும், விரியும், சுருங்கும். ஆகவே குறிப்பிட்ட மாசு குறிப்பிட்ட செறிவைத் தாண்டும் நீர் எங்கெல்லாம் இருக்கிறதோ அதுவே அலகு என்று சொற்களால் வரையறுத்து, வரைபடத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

புதிய அலகுகளுக்கும் இடம் விட்டுவையுங்கள். தீயணைப்பு நுரையிலிருந்து வந்த, எளிதில் சிதையாத பிஃபாஸ் வேதிப்பொருள்கள், பணி ஏறக்குறைய முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட விமானத் தளங்களை மறுபடியும் திறந்தன. அவற்றில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் ஆகிய இரண்டும் 2024-இல் செர்க்லாவின்கீழ் அபாயகரப் பொருள்களாக அறிவிக்கப்பட்டன. இத்தகைய புதிய மாசைப் பழைய அலகுகளின் முடிவு ஆவணங்களுக்குள் திணிப்பதைவிட, அதற்கென ஓர் அலகைத் திறந்து, முடிந்த பணிகளை முடிந்தவையாகவே விடுவது பெரும்பாலும் சிறந்தது.

நிலத்தை ஒப்படைக்கும்போது

மூடப்பட்ட இராணுவத் தளங்களில் நிலத்தைக் கேட்டு உள்ளாட்சி அமைப்புகள் காத்திருக்கும். அவர்கள் கேட்பது மனைத்துண்டு. உங்களிடம் இருப்பது செயல் அலகு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது அரிது. மனைத்துண்டுகளுக்கு ஏற்ப அலகுகளை மாற்றி வரையும் வற்புறுத்தல் வரும். மாசின் தர்க்கத்தை விட்டு நிலச்சந்தையின் தர்க்கத்துக்கு மாறினால் ஒரே மாசுத் திரள் பல அலகுகளில் துண்டாகிவிடும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு மனைத்துண்டும் எந்தெந்த அலகுகளின்மேல் விழுகிறது என்ற அட்டவணையைத் தனியே பேணுவது போதும். மாசுபடாத நிலத்தை முன்னரே அடையாளம் கண்டு ஒதுக்க செர்க்லாவின் 1992-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது. அந்தப் பகுதிகளை எந்த அலகிலும் சேர்க்காமல் விடுவது அனைவருக்கும் நல்லது.

ஓர் அலகில் பணி முடிந்தால், முழு வளாகமும் முடியும்வரை காத்திராமல் அப்பகுதியை மட்டும் தேசிய முன்னுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1995-இல் கொள்கை வகுத்தது. ராக்கி ஃபிளாட்ஸில் 2006-ஆம் ஆண்டு இறுதி முடிவுக்கு முன் எல்லைகள் மீண்டும் ஒருமுறை வரையப்பட்டு, கட்டுப்பாடு தேவைப்படும் நிலம் எல்லாம் மைய அலகிலும், தேவைப்படாத நிலம் எல்லாம் சுற்று அலகிலும் வைக்கப்பட்டன. 2007-இல் சுற்று அலகு பட்டியலிலிருந்து நீங்கி, அதன் பெரும்பகுதி வனவிலங்குப் புகலிடமாயிற்று. மைய அலகு எரிசக்தித் துறையின் கண்காணிப்பிலேயே இருக்கிறது. ஆய்வுக்காகப் போட்ட கோடுகள் ஒப்படைப்புக்கும் உதவ வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், கடைசியில் ஒருமுறை மாற்றி வரையலாம் என்பதற்கு இது சான்று.

மாற்றி வரையும்போது, எந்தக் கழிவிடம் எந்த அலகிலிருந்து எந்த அலகுக்குச் சென்றது என்பதை ஒழுங்குமுறை அமைப்புகளின் ஒப்புதலுடன் நிர்வாகப் பதிவேட்டில் சேர்த்துவிட வேண்டும். கழிவு எஞ்சியிருக்கும் அலகுகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வுக்கு உட்படும். அப்போது பழைய எண்ணைக் கொண்டு தேடுபவருக்கு அந்தப் பதிவே வழி. நிலத்தை வாங்கியவருக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில், பின்னாளில் கூடுதல் துப்புரவு தேவைப்பட்டால் அதைக் கூட்டாட்சி அரசே செய்யும் என்ற உறுதிமொழி இடம்பெறுகிறது. வேலை முடிந்த அலகின் கோப்புகளையும் அளவை வரைபடங்களையும் மாதிரி முடிவுகளையும் அதனாலேயே மூடிக் கட்டிவிடாமல் எடுக்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும்.